நிலம் சரியில்லை என்று தோன்றினால்: அறிகுறி பார்த்து மண்ணைச் சீர்செய்யும் வழி

பயிர் மஞ்சளித்தால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது உரக்கடைதான். ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு போய்க் காட்டுவோம், ஒரு பாட்டில் கிடைக்கும், தெளிப்போம். இரண்டு வாரம் பச்சை தெரியும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். நோவு இலையில் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் அரை அடி, ஒரு அடி ஆழத்தில் இருக்கிறது. ஒரே மஞ்சளுக்கு ஐந்தாறு காரணங்கள் உண்டு. ஒன்றுக்குப் போட வேண்டிய மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். ஆகவே கீழே வரும் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை குழி வெட்டிப் பார்ப்பது. அதைச் செய்யாமல் எதையும் வாங்க வேண்டாம்.

தேவையானவை கொஞ்சம்தான். மண்வெட்டி, விரல் பருமனில் மூன்றடிக் கம்பி ஒன்று, இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பாட்டில் மழைநீர். போர் தண்ணீரில் உப்பு இருந்தால் டம்ளர் சோதனை தவறாகக் காட்டும் என்பதால்தான் மழைநீர் கேட்கிறேன். கிடைக்காவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும்.

பயிர் நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு குழி, கெட்டுப்போன இடத்தில் ஒரு குழி, இரண்டும் ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் எதுவும் பிடிபடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நிறம், வாசனை, வேர் இறங்கிய ஆழம் எல்லாம் பேச ஆரம்பிக்கும்.

தண்ணீர் பாய்ச்சினால் இறங்கவில்லை, மேலேயே நிற்கிறது

இந்தப் புகார்தான் அதிகம் வரும். இதற்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. பிரித்தறிய டம்ளர் சோதனை உதவும்.

கெட்ட இடத்து மண்ணில் புளியங்கொட்டை அளவுக்கு நன்றாகக் காய்ந்த கட்டி ஒன்றை எடுங்கள். டம்ளரில் மழைநீர் ஊற்றி, கட்டியை மெதுவாக அடியில் இறக்கி வையுங்கள். கலக்கக் கூடாது, டம்ளரை அசைக்கவும் கூடாது. பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள்.

கட்டி உருக்குலையாமல் நின்று, தண்ணீரும் தெளிவாக இருந்தால் மேல் மண்ணில் பெரிய குறை இல்லை. தடை கீழே இருக்கிறது. கம்பியை எடுங்கள், அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கட்டி பொலபொலவென்று சரிந்து சிறு குவியலாகி, தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தால் மண் துகள்களை ஒட்டிப் பிடிக்கும் மக்கு (மக்கிப்போன இலைதழை, எருவின் மிச்சம்) இல்லை என்று அர்த்தம். இது பொருக்குத் தட்டும் மண்.

கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் புகை கிளம்பி, இரண்டு மணி நேரம் ஆகியும் தண்ணீர் தெளியாமல் கலங்கலாகவே இருந்தால் அது களர். மண்ணில் சோடியம் ஏறிவிட்டது. களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடிப்பது கால்சியம், பிரித்துவிடுவது சோடியம். பிரிந்த துகள்கள் மண்ணின் கண்களை அடைத்துவிடுவதால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் போகிறது. களர் நிலத்தில் தேங்கி வற்றும் தண்ணீர் சில இடங்களில் கறுப்பாக ஒரு படலத்தை விட்டுப் போகும். மண்ணில் இருந்த மக்கு கரைந்து மேலே வந்து படிந்த கறை அது.

கம்பி அரை அடியில் முட்டி நிற்கிறது

மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மண் ஈரமாக இருக்கும்போது கம்பியை இரு கையாலும் அழுத்துங்கள். வயலில் பத்து இடங்களில் குத்திப் பாருங்கள். ஆறு அங்குலம் சுலபமாக இறங்கி, எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட அதே ஆழத்தில் முட்டினால் அது உழவு உண்டாக்கிய கடினத் தட்டு. வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓட்டியதாலும், ஈரத்தில் டிராக்டர் ஏறியதாலும் வருவது. ஆழம் இடத்துக்கு இடம் மாறினால் கீழே சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) பாறையோ இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

குழியின் சுவரில் பருத்தியோ மிளகாயோ இருந்தால் வேரைப் பாருங்கள். நேராக இறங்கிய ஆணிவேர் தட்டைத் தொட்ட இடத்தில் தூண்டில் முள்போல் வளைந்து, பக்கவாட்டில் ஓடியிருக்கும். அந்தச் செடி நான்கு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் வாடுவதும், நாற்பது மில்லிமீட்டர் மழைக்கே தண்ணீர் தேங்குவதும் இதனால்தான்.

ஒரு விஷயம் இங்கே முக்கியம். நெல் மட்டுமே போடும் வயல் என்றால் இந்தத் தட்டை உடைக்க வேண்டாம். தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான். நெல்லுக்குப் பின் பருத்தி, எள், காய்கறி என்று மாற்றுப்பயிர் போடுகிறவர்களுக்கும் கிணற்றுப் பாசனத் தோட்டக்கால் நிலத்துக்கும்தான் உடைக்கும் வேலை.

உடைக்க உளிக்கலப்பை வேண்டும். வாடகைக்குக் கிடைக்கிறது. ஒன்றரை அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றரை அடி ஆழம் வரை இழுக்க வேண்டும். மண் நன்றாகக் காய்ந்திருக்கும் கோடையில்தான் செய்ய வேண்டும். காய்ந்த தட்டு விரிசல் விட்டு உடையும். ஈரத்தில் இழுத்தால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஒரு கோடு மட்டும் விழும், அந்தக் கோட்டின் சுவரும் வழவழப்பாக அடைத்துக்கொள்ளும். செலவு மொத்தமும் வீண்.

உழுதபின் ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தொழு எருவைப் பரப்பிக் கொக்கிக் கலப்பையால் கலந்துவிடுங்கள். முதல் போகத்தில் துவரை, ஆமணக்கு போல ஆழ வேர்விடும் பயிர் ஒன்று இருந்தால், கலப்பை திறந்த வழியை வேர் காப்பாற்றி வைக்கும். அறுவடைக்குப் பின் அந்த வேர் மக்கும்போது விடும் துளை எந்த இயந்திரமும் போட முடியாத துளை. மறுபடி தட்டுக் கட்டாமலிருக்க, உழுமுன் ஒரு பிடி மண்ணை ஆறு அங்குல ஆழத்திலிருந்து எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாகி, உள்ளங்கைக்கு நடுவில் கயிறுபோல் நீளுமானால் டிராக்டரைத் திருப்பி அனுப்புங்கள். உருட்டும்போதே உதிர்ந்தால் உழலாம்.

விதைத்தது முளைக்கவில்லை, மேல் மண் ஓடு கட்டிவிட்டது

செம்மண் காடுகளில் கடலை, சோளம், கம்பு விதைத்த மூன்றாம் நாள் ஒரு கனமழை, அடுத்து இரண்டு நாள் வெயில். மேலே அப்பளம்போல் ஒரு ஓடு. அதை நகத்தால் நெம்பிப் பார்த்தால் அடியில் முளை வெளுத்து, சுருண்டு கிடக்கும். டம்ளரில் சரிந்து விழுந்த மண் இதுதான்.

உடனடியாகச் செய்ய முடிவது, லேசாகத் தண்ணீர் தெளித்து ஓட்டை இளக்குவதும், முள்மரக்கிளையை மெல்ல இழுத்துக் கீறிவிடுவதும். நிலையான தீர்வு அடுத்த பட்டத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தென்னை நார்க்கழிவு அல்லது நான்கு டன் தொழு எரு, அதோடு 800 கிலோ ஜிப்சம் (கால்சியம் உள்ள ஒரு உப்பு). எல்லாவற்றையும்விட, மழைத்துளி நேராக மண்ணில் அறையாமல் பார்த்துக்கொள்வது பெரிய வேலை. மூடாக்கு அதற்குத்தான். சோளத்தட்டை, கடலைக்கொடி, களையெடுத்த செடி, எதுவானாலும் வயலில் எரிக்காமல் வரிசைக்கு இடையில் போடுங்கள். மண்ணைப் பொடியாக்குவதையும் குறைக்க வேண்டும். ரோட்டவேட்டர் இரண்டு சால் ஓட்டி மாவாக்கிய நிலம் பார்வைக்கு அழகாக இருக்கும், முதல் மழையிலேயே ஓடு கட்டும்.

டம்ளர் பாலாகிவிட்டது: களர்

களர் கெட பிரண்டை இடு என்பது பழமொழி. தழை போட்டுக் களரைத் திருத்தும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு பழையது என்பதற்கு அது சாட்சி. ஆனால் களர் முற்றிய நிலத்தில் தழை மட்டும் போதாது. பி.எச். (மண்ணின் கார, அமில அளவு) 8.5-க்கு மேல் என்று மண் பரிசோதனையில் வந்தால் ஜிப்சம் வேண்டும். எவ்வளவு என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும், 'ஜிப்சம் தேவை' என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். அதில் பாதி அளவு போட்டாலே நெல்லுக்குப் போதும் என்பதுதான் வழக்கமான பரிந்துரை.

மாமா ஒருவர் போன் செய்து, "மாப்ள, லோடு லோடா ஜிப்சம் அடிச்சேன், ஒண்ணும் ஆகலையே" என்றார். தண்ணீரை எந்தப் பக்கம் வடித்தீர்கள் என்று கேட்டேன். "வடிக்க எங்க வாய்க்கா இருக்கு?" என்றார். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தை மண் துகளிலிருந்து தள்ளிவிடும், அவ்வளவுதான். தள்ளிவிட்ட சோடியம் தண்ணீரோடு வயலை விட்டு வெளியேற வழி இல்லையென்றால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே வேலையின் வரிசை இப்படி: முதலில் வயலைச் சமப்படுத்தி, சுற்றிலும் ஆழமான வடிகால் வெட்ட வேண்டும். அடுத்து ஜிப்சத்தைச் சீராகத் தூவி மேலாக உழ வேண்டும். அதன்பின் நல்ல தண்ணீரை நான்கு விரல் உயரத்துக்குக் கட்டி, ஓரிரு நாள் வைத்து முழுக்க வடிக்க வேண்டும். மூன்று நான்கு முறை கட்டி வடித்தபின் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். களரையும் தேங்கும் நீரையும் தாங்கி வளரும் பசுந்தாள் உரம் அது. 45 நாளில், பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். அது மக்கும்போது வெளியாகும் அமிலமும் கரியமில வாயுவும் மண்ணில் பூட்டிக் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்து இன்னும் கால்சியம் கொடுக்கும்.

முதல் போகம் நெல்லாக இருக்கட்டும். திருச்சி வேளாண் கல்லூரி இருக்கும் மணிகண்டம் பகுதியே களர் நிலம்தான். அங்கிருந்து வந்த திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் இந்த மண்ணுக்காகவே உருவானவை. துத்தநாகம் களரில் பயிருக்குக் கிடைக்காது. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் அடி இலைகளில் துரு நிறப் புள்ளிகள் வரும், பயிர் குட்டையாக நிற்கும். அதற்கு ஏக்கருக்கு 15 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து, நடவுக்கு முன் தூவ வேண்டும். களர் இல்லாத வயலுக்கு 10 கிலோ போதும், பசுந்தாள் மடக்கியிருந்தால் ஐந்தே போதும். மணிச்சத்துள்ள டிஏபி உரத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் பிணைந்துகொண்டு பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

பாய்ச்சும் போர் தண்ணீரே சோடியம் கார்பனேட் நிறைந்ததாக இருந்தால் வருடா வருடம் களர் திரும்ப வரும். மண்ணோடு தண்ணீரையும் ஒரு பாட்டிலில் ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கிறது

இதை எல்லோரும் களர் என்று சொல்லி ஜிப்சம் வாங்கப் போகிறார்கள். வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் உவர். இரண்டும் வேறு. உவர் மண்ணில் தண்ணீர் நன்றாக இறங்கும், டம்ளரும் தெளிவாகவே இருக்கும், பி.எச். 8.5-க்குக் கீழேதான் இருக்கும். இங்கே ஜிப்சம் போட்டால் இருக்கிற உப்போடு இன்னும் ஒரு உப்பைச் சேர்த்த கதைதான். நல்ல தண்ணீரில் கழுவி வடிப்பதும், ஆவியோடு உப்பு மேலே ஏறாமல் மூடாக்கு போடுவதும்தான் வைத்தியம். பார் பிடித்து விதைக்கிறவர்கள் பாரின் உச்சியில் ஊன்றாதீர்கள், சரிவில் ஊன்றுங்கள். ஈரம் உச்சியை நோக்கி ஏறிக் காய்வதால் உப்பு முழுக்க அங்கேதான் சேரும். பீன்ஸ் இந்த மண்ணில் பிழைக்காது, பருத்தி ஓரளவு தாங்கும்.

வயலில் கால் முழங்கால் வரை புதைகிறது

காவிரி டெல்டாவில் மூன்று போகமும் சேறு கலக்கி நெல் வைக்கும் வயல்களில் வருவது. மாடும் இறங்காது, டிராக்டரும் மாட்டிக்கொள்ளும், நாற்று வேர் பிடிக்காமல் சாயும். பொலபொலப்பான மண் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் துகள்கள் எல்லாம் பிரிந்து கூழாகிவிட்ட மண் வேரைத் தாங்காது. அறுவடைக்குப் பின் ஈரம் பதமாக இருக்கும்போது, 400 கிலோ எடையுள்ள கல் உருளையை எட்டு முறை ஓட்டி அழுத்துவது இதற்குச் சொல்லப்படும் முறை. கல் உருளை இல்லாதவர்கள் எண்ணெய் டிரம்மில் கல் நிரப்பி உருட்டுகிறார்கள். என் கருத்தில் இதைவிட நல்லது ஒரு போகத்தைச் சேறில்லாமல் விடுவது. தாளடிக்கு (இரண்டாம் போக நெல்லுக்கு) பின் உளுந்து, பயறு போட்டு மண்ணை ஒரு கோடை முழுக்க வெடிக்க விட்டால் அடுத்த வருடமே கால் புதையும் ஆழம் குறையும்.

வயலில் அழுகிய முட்டை வாடை, வேர் கறுத்துவிட்டது

ஒரு தூரைப் பிடுங்கி அலசிப் பாருங்கள். வேர் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் சரி. கருகருவென்று, மோந்தால் அழுகிய வாடை அடித்தால் மண்ணில் காற்று இல்லை. பசுந்தாளை மடக்கிய உடனே நட்டாலும் இப்படி ஆகும், மக்குவதற்குப் பத்து நாளாவது விட வேண்டும். இப்போதைக்குத் தண்ணீரை வடித்து, மயிர்க்கோடு போல் வெடிப்பு தெரியும்வரை காய விடுங்கள். அதற்குப்பின் காய்ச்சலும் பாய்ச்சலுமாகவே நடத்துங்கள். துளையிட்ட ஒரு அடிக் குழாயைப் பாதி புதைத்து வைத்தால் உள்ளே நீர்மட்டம் தெரியும். வயல் மட்டத்துக்குக் கீழே அரை அடி இறங்கியபின் பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடாதீர்கள்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

எந்த இலை முதலில் வெளுத்தது என்று பாருங்கள். அடி இலை முதலில் முழுக்க மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புக் குறை. கடலையிலும் கரும்பிலும் அடிக்கடி பார்க்கலாம். அந்த இடத்து மண்ணை ஒரு தட்டில் போட்டு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். காதருகே வைத்தால் சரசரவென்று கேட்கும், நுரைக்கும். சுண்ணாம்பு மண் என்பதற்கு அது அடையாளம். இரும்பு மண்ணில் இருந்தும் சுண்ணாம்பு அதைக் கரைய விடுவதில்லை.

பத்து லிட்டருக்கு 100 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) பத்து கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து மாலையில் தெளித்தால் கொழுந்து பச்சையாகும். மண்ணில் நேரடியாகப் போட்டால் சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும். நிரந்தர வழி, அன்னபேதியை மக்கிய எருவோடு கலந்து ஒரு மாதம் நிழலில் ஊற வைத்து இடுவதும், தண்ணீரைக் குறைத்துப் பாய்ச்சுவதும்.

எரு போட்டபின்தான் பயிர் மஞ்சளானது

இது எங்கள் தோட்டத்திலேயே நடந்தது. கயிறு ஆலையில் நார்க்கழிவு சும்மா கிடைக்கிறது என்று இரண்டு லோடு கொண்டுவந்து அப்படியே பரப்பிக் கத்தரி நட்டோம். மூன்று வாரத்தில் வயல் முழுக்க வெளிறிவிட்டது. நோய் என்று நினைத்துப் பத்து நாள் வீணாக்கினோம். பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரி (கார்பன்) இருக்கிறது. அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாமல், மண்ணில் பயிருக்கென்று இருந்ததையும் எடுத்துக்கொள்கின்றன. வைக்கோல், கரும்புத்தோகை, மரத்தூள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். மண்ணின் மேலே மூடாக்காகக் கிடந்தால் இந்தத் தொல்லை பெரிதாக வராது, மண்ணோடு கலந்து உழும்போதுதான் வரும்.

இந்த நிலையில் இருக்கிறவர்கள் கடலைப்பிண்ணாக்கு ஊறவைத்த கரைசலோ நீர்த்த மாட்டுச் சிறுநீரோ வேரில் ஊற்றினால் பயிர் தேறும். எங்கள் கத்தரி அப்படித்தான் தேறியது, ஆனால் முதல் பறிப்பு பிந்திப்போனது.

மண்புழுவே காணோம்

ஒரு அடிக்கு ஒரு அடி மண்ணை வெட்டிச் சாக்கில் கொட்டி உதிர்த்துப் பாருங்கள். கோடையில் பார்க்காதீர்கள். அப்போது அவை ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பின்னும் ஒன்றுகூட இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

புழு வாங்கி விடுவது பயன்படாது. உரத்தொட்டிக்கு விற்கும் புழுக்கள் குப்பையில் வாழ்கிறவை, வெறும் வயலில் நிற்காது. நம் மண்ணுக்குரிய புழுக்கள் வரப்பிலும் மர நிழலிலும் இன்னும் இருக்கும். தின்னக் கொடுத்தால், மண்ணை மூடி வைத்தால் தானாக உள்ளே வரும். சாணம், மாட்டுச் சிறுநீர், வெல்லம் கலந்து புளிக்க வைக்கும் ஜீவாமிர்தமும் அப்படித்தான். 200 லிட்டர் கரைசலை வெறும் மண்ணில் ஊற்றிவிட்டு எதுவும் நடக்கவில்லை என்பவர்களிடம் நான் கேட்பது, அந்த நுண்ணுயிர் தின்ன அங்கே என்ன கிடந்தது என்றுதான். மூடாக்கின் மேல் ஊற்றுங்கள், வித்தியாசம் தெரியும். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன பலதானிய விதைப்பு இந்த இடத்தில் நல்ல தொடக்கம். தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், மணப்பயிர் என்று கலந்து ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் விதைத்து, பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழுவது.

கரிசல் வெடிக்கிறது

இது நோய் இல்லை. கரிசலின் களி ஈரத்தில் ஊதி, காய்ந்தால் சுருங்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் முதல் மழை ஆழத்துக்கு இறங்குகிறது. பயிர் நிற்கும்போது வேர் அறுந்தால் மட்டும் மேலாகக் கொத்தி மூடுங்கள்.

எதிலும் சேராவிட்டால்

மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எடுக்கும் முறை தவறினால் அறிக்கையும் தவறும். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல், உரம் போட்டு ஒரு மாதம் ஆகாத வயல் வேண்டாம். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் மேல் குப்பையை விலக்கி, ஆங்கில வி வடிவில் அரை அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். அந்தக் குழிக்குள் இருக்கும் மண்ணை எடுக்கக் கூடாது. குழியின் சரிவிலிருந்து மேலிருந்து கீழாக அரை அங்குலத் தடிமனில் சீவி எடுப்பதுதான் மாதிரி. எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைக் கழித்துக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். நிழலில் காய வைத்துத் துணிப்பையில் கட்டுங்கள், உரச்சாக்கில் வேண்டாம். கெட்ட இடத்து மண்ணை நல்ல இடத்து மண்ணோடு கலக்காமல் தனிப்பையில் போட்டு, எந்த மூலையில் எடுத்தது, முன்பு என்ன பயிர், எந்தத் தண்ணீர் பாய்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். அறிக்கை வந்ததும் முதலில் பி.எச்., அடுத்து உப்பு அளவு, மூன்றாவதாக மக்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரி என்று பாருங்கள். கரி அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால், மற்ற சத்துக்களின் எண்களைப் பார்க்குமுன் இந்தக் கோடைக்குத் தேவையான தக்கைப்பூண்டு விதைக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். சித்திரை மழை விழுந்தபின் தேடினால் கடைகளில் கிடைப்பதில்லை.